அஞ்சாவது காயில்

"வாத்திச்சி, ஆறு வாரமாச்சு. தூசி துடைக்கிறதத் தவிர வேற ஒண்ணும் சொல்லித் தர மாட்டேங்கீங்களே?"

கேட்டவர் தேவபிச்சை. வயது ஐம்பது. தூத்துக்குடி மாநகராட்சியில் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை.

வாத்திச்சி என்று அவர் கூப்பிட்டது பேச்சித்தாயை. அவளுக்கு அவரைவிட எட்டு வயது குறைவு. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறாள். ஆறு நாளும் மெஷின். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய டிவி.

வீட்டு மாடி அறையில் பதினோரு பெட்டி வைத்திருந்தாள். கதவு வைத்தது, கால் வைத்தது, மூஞ்சி உப்பினது. எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாம் ஓடும்.

தொழிலுக்கு இல்லை. ஆசைக்கு.

பன்னிரண்டாவதாக வந்த பெட்டி தேவபிச்சை வீட்டுப் பெட்டி. லோடு ஆட்டோவில் தலையணை வைத்துக் கொண்டுவந்தார். ரிப்பேர் பார்த்துக் கொடுங்கள் என்றார்.

"பாத்துக் கொடுக்க மாட்டேன். நீங்க பாக்கதுன்னா சொல்லித் தாரேன்" என்றாள்.

அப்படித்தான் ஆறு வாரம் ஓடியது.

"துடைச்சது போதும்னு யாரு சொன்னா?" என்றாள் பேச்சித்தாய்.

"மூஞ்சி தெரியுதும்மா. பாருங்க."

"தூசி எங்க கூடுதலா இருந்துச்சு, அண்ணாச்சி?"

"எங்க இருந்தா என்ன? தூசி தூசிதான?"

"அப்போ இன்னொரு வாரம் துடைங்க."

தேவபிச்சை பெயிண்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். யோசித்தார்.

"இந்தச் சிவப்பு ஒயர் கிட்ட. கம்பளி மாதிரி அப்பிக் கிடந்துச்சு."

"வேற?"

"படக்குழாயோட கழுத்துப் பக்கம். மத்த இடமெல்லாம் சும்மா தூவினாப்புலதான்."

"அந்த ரெண்டு இடத்துலயும் கை பட்டா ஆளைத் தூக்கி எறியும். தூசிக்கு அந்த இடம் தெரியும். இப்போ உங்களுக்கும் தெரியும்."

தேவபிச்சை கையைப் பார்த்துக்கொண்டார்.

"இத முதல்லயே வாயால சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா மறந்திருப்பீங்க."

"சரி. இனிமேலாவது உள்ள கைவைப்போமா?"

"என்ன அவசரம்?"

"இன்னும் மூணு வாரத்துல எங்க அண்ணன் வாரான். பம்பாய்லருந்து. கோயில் அசனத்துக்கு. ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுத அன்னைக்கு இந்தத் தடவை நானும் உக்காரணும்னு சொல்லிட்டான். அவன் வரும்போது பெட்டி ஓடணும்."

"ஓடினா?"

"அவனுக்குச் சந்தோசமா இருக்கும்."

"உங்களுக்கு?"

தேவபிச்சை பிரஷ்ஷை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

*

அடுத்த ஞாயிறு ஒரு பை நிறைய கண்டென்சர் வாங்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்கு இம்புட்டு?"

"எல்லாத்தையும் மாத்திருவோம் வாத்திச்சி. பழசு எல்லாம் காஞ்சு போயிருக்கும். மொத்தமா மாத்திட்டா ஒரே நாள்ல ஓடிரும்."

"ஓடும். எதனால ஓடுச்சுன்னு தெரியாது."

"ஓடினாப் போதாதா?"

"உங்களுக்கு ஓடினாப் போதுமா?"

தேவபிச்சை பையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு மாத்துங்க. போட்டுப் பாருங்க. அணைச்சிட்டு இன்னொண்ணு மாத்துங்க. உள்ள ஒரு கை போச்சுன்னா இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி இருக்கணும்."

"அது எதுக்கு?"

"ரெண்டு கையும் உள்ள இருந்தா, கரண்டு ஒரு கை வழியா வந்து நெஞ்சு வழியாப் போய் மறு கை வழியா வெளியேறும். உங்க வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்லுதது?"

தேவபிச்சை இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்கூலில் தண்டனைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

ஒன்று மாற்றினார். ஒன்றும் இல்லை.

இரண்டு. ஒன்றும் இல்லை.

மூன்றாவதில் பெட்டி கனைத்தது.

நாலாவதில் குழாயின் கழுத்துக்குள்ளே ஒரு செம்மஞ்சள் வெளிச்சம், மாதுளம் முத்து அளவுக்கு.

"எரியுது வாத்திச்சி!"

"பேசாதீங்க. கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"விசில்."

தேவபிச்சை கழுத்தைச் சாய்த்தார். தெருவில் ஒரு ஆட்டோ போனது. கீழே குக்கர் சத்தம் போட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காது. ஊசி மாதிரி மெல்லிசு அது. வயசானா காதுல விழாது. எனக்கே பாதிதான் விழுது."

"அந்த விசிலா!"

தேவபிச்சை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சின்ன வயசுல தெருமுனையிலயே கேக்கும்மா. கோலி வெளயாடிக்கிட்டு இருப்போம். ஏல, பெட்டி போட்டாச்சுன்னு எங்க அண்ணன்தான் முதல்ல சொல்லுவான். அம்புட்டுப் பயலுவளும் ஓடிவருவானுவ. அப்பா இந்த மரக்கதவத் திறந்து ரெண்டு பக்கமும் தள்ளுவாரு. சாவி அவரு அரைஞாண் கயித்துலதான் கிடக்கும்."

"என்ன பாப்பீங்க?"

"இலங்கை டிவிதான். நம்ம ஊருக்கு அப்போ மெட்ராஸ் எங்க தெரிஞ்சுச்சு? மொட்டமாடியில கம்பம் நட்டு, கொழும்பப் பாத்து ஆன்டெனாவத் திருப்பி வச்சிருப்பாரு. கடலுக்கு அந்தப் பக்கம் மழை பெஞ்சா எங்க வீட்டுல படம் ஆடும். சிங்களத்துல செய்தி வாசிப்பாங்க. ஒரு எழவும் புரியாது. தெருவே வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கும். பக்கத்து வீட்டுக் கிழவரு ஒருத்தரு, செய்தி வாசிக்கிற அம்மா கும்பிட்டா இவரும் திருப்பிக் கும்பிடுவாரு."

பேச்சித்தாய் சிரித்தாள்.

"அணைச்சதும் நடுவுல ஒரு வெள்ளப் புள்ளி நிக்கும். அது சின்னதாகி, சின்னதாகி... அது போற வரைக்கும் ஒரு பிள்ள எந்திரிக்காது. புள்ளி போனதும் அப்பா, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவாரு. மகாராசா மாதிரி."

தேவபிச்சை பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார். மரம் சூடாக இருந்தது.

"இப்பவும் வருதா அந்தச் சத்தம்?"

"வருது."

"அதே சத்தமா?"

"அதே சத்தம்தான்."

கொஞ்ச நேரம் அப்படியே காதை வைத்துக்கொண்டிருந்தார்.

*

திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. படம்தான் வரவில்லை.

பழைய பெட்டிக்குப் படம் அனுப்ப இப்போது ஸ்டேஷன் எதுவும் கிடையாது. பேச்சித்தாயிடம் ஒரு சின்ன டப்பா இருந்தது. அதைப் பின்னால் மாட்டினால் திரையில் கட்டம் கட்டமாகக் கோடு விழும். கோடு மெல்லிசாக, சுத்தமாக விழுந்தால் பெட்டி சரி.

தேவபிச்சை வீட்டுப் பெட்டியில் எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளிதான் ஊர்ந்தது.

மூன்றாவது ஞாயிறு அன்று பேச்சித்தாய் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இந்த அஞ்சு காயிலையும் பாருங்க."

தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஐந்து அலுமினிய டப்பா, உள்ளே கம்பிச்சுருள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கறுப்புத் திருகு.

"இந்தத் திருகு ஒவ்வொண்ணும் ஒரு இடத்துல நிக்கணும். மேலயும் இல்ல, அடியிலயும் இல்ல. கம்பெனியில அளந்து நிறுத்தி, மெழுகு விட்டு அனுப்புவான். ஸ்டேஷன் இதுலதான் நிக்கும்."

"சரி."

"மெழுகு உடைஞ்சிருக்கு. திருகு அடியில கிடக்கு. யாரோ முறுக்கியிருக்காங்க."

தேவபிச்சை டார்ச்சை வாங்கிப் பார்த்தார். பார்த்தாரா என்று சொல்ல முடியாது. டார்ச் வேறு எங்கோ அடித்துக்கொண்டிருந்தது.

"மெக்கானிக்காத்தான் இருக்கும்."

"மெக்கானிக் இப்படி முறுக்க மாட்டான். கால் சுத்து சுத்துவான், படத்தப் பாப்பான், கால் சுத்து திருப்புவான். இது அப்படி இல்ல. நட்டு போல்டு லூசா இருக்குன்னு இறுக்கின மாதிரி இருக்கு. கெடுக்கணும்னு செஞ்ச கையும் இல்ல. ஒரு திருகுகூட உடையல. பதனமா முறுக்கியிருக்கு. நல்லது செய்யணும்னு நெனச்ச கை."

தேவபிச்சை டார்ச்சை அணைத்தார்.

"இத நேர் பண்ண எத்தன நாளாகும்?"

"கொஞ்சங்கொஞ்சமாத் தேடணும். ஒண்ணத் திருப்பினா இன்னொண்ணு மாறும். ரெண்டு மாசம்."

"அடுத்த ஞாயிறு அண்ணன் வந்துருவானேம்மா!"

"முறுக்கினவரக் கேட்டா அரைமணி நேரம்."

"கேட்டா?"

"எது எத்தன சுத்து முறுக்கினாருன்னு தெரிஞ்சா, அத்தன சுத்து திருப்பி வச்சிரலாம்."

"முப்பத்தெட்டு வருசம் ஆச்சு வாத்திச்சி. அதெல்லாம் எவனுக்கு ஞாபகம் இருக்கும்?"

"முப்பத்தெட்டுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கே."

அவர் மாடிப்படியில் இறங்கிவிட்டார்.

பேச்சித்தாய் கூப்பிடவில்லை. ஒரு பெட்டியின் குமிழைக் கழற்றி, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

தேவபிச்சை தெருமுனை வரைக்கும் போனார். அங்கே அவர் தினமும் திறக்கிற தண்ணீர் வால்வு இருந்தது. அதன் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் பிள்ளை குடத்தோடு, "மாமா, இன்னைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டது. "நாளைக்கு" என்றார்.

திரும்பி வந்தார். வாசல்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"நாலு. மூணே கால். ரெண்டரை. நாலரை. மூணு."

பேச்சித்தாய் எண்ணெய்ச் சீசாவை மூடினாள்.

"யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"சுத்துதான் கேட்டேன்."

"நான்தாம்மா."

அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பன்னிரண்டு வயசு எனக்கு. படம் ஓடிக்கிட்டே மேல மேலப் போச்சு. உள்ள ஏதோ லூசாயிருச்சுன்னு அப்பா திட்டிக்கிட்டே உப்பளத்துக்குப் போனாரு. மேஸ்திரி வேலை அவருக்கு. முன்பக்கம்தான பூட்டு? பின்பக்கம் நாலு ஸ்குரூ. கழட்டிப் பாத்தேன். இந்தத் திருகு அஞ்சும் லூசாத்தான் இருந்துச்சு. நல்லா இறுக்கி வச்சா அப்பா தட்டிக் கொடுப்பாருன்னு நெனச்சேன். எண்ணி எண்ணி இறுக்கினேன். எனக்கு எதுன்னாலும் எண்ணிரணும். அப்பமே அப்படித்தான்."

"அன்னைக்குச் சாயங்காலம்?"

"தெருவே வந்து உக்காந்திருந்துச்சு. அன்னைக்குத் தமிழ்ப் படம். அப்பா கதவத் தள்ளி, மகாராசா மாதிரி நின்னு, போட்டாரு. வெறும் புள்ளி. ஆன்டெனாவத் திருப்புனாங்க. புள்ளி. பெட்டியத் தட்டுனாங்க. புள்ளி. பின்னாடி பாத்தா ஸ்குரூ ஒண்ணு கீழ கிடக்கு."

"ம்."

"எங்க அண்ணன் அருமைராஜுக்குப் பதினெட்டு வயசு. ரேடியோவெல்லாம் பிரிச்சுச் சேப்பான். அப்பாவுக்கு அது பிடிக்காது. உப்பளத்துக்கு வாலேன்னா போக மாட்டான். நீதானலே கைவச்சேன்னு கேட்டாரு. அவன் பேசாம நின்னான். தெருவுக்கு முன்னால, ஆன்டெனா ஒயரவச்சு அடிச்சாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். பதினாலு."

பேச்சித்தாய் அவரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாம் நாள் பம்பாய்க்கு ரயிலேறிட்டான். கல்யாணமும் அங்கயே. அப்பா சாவுக்கு வந்தான், அம்மா சாவுக்கு வந்தான். அம்புட்டுதான். பெட்டியத் திருப்பி நேர் பண்ணிரலாம்னுதாம்மா அந்த எண்ணிக்கைய மனசுல வச்சிருந்தேன். அப்பா பின்பக்கத்த ஆணி வச்சு அடிச்சிட்டாரு. நாலு, மூணே கால், ரெண்டரை, நாலரை, மூணு. பஸ்ல போனாலும் ஓடும். ஜெபத்துல உக்காந்தாலும் ஓடும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லப் போறீங்களா?"

"பெட்டி ஓடிட்டா சொல்ல வேண்டியதில்லல்லா?"

அவள் பிளாஸ்டிக் ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எண்ணுங்க" என்றாள்.

*

முதல் திருகை நாலு சுற்று திருப்பினார். புள்ளி கொஞ்சம் குறைந்தது.

இரண்டாவதை மூணே கால். ஏதோ நிழல் மாதிரி ஆடியது.

மூன்றாவதில் கோடு வந்தது. நாலாவதில் கட்டம் வந்தது. மங்கலாக, சேறு பூசின மாதிரி. ஒரு கோடு ரெண்டாகத் தெரிந்தது. ஆனால் வந்துவிட்டது.

தேவபிச்சை அடுத்த டப்பாவுக்கு நகர்ந்தார்.

"அஞ்சாவது மூணு" என்று டிரைவரைக் கொண்டுபோனார்.

"நில்லுங்க."

பேச்சித்தாய் டார்ச் அடித்தாள்.

"எல்லாத்தையும் அடி வரைக்கும் முறுக்கினீங்கள்லா?"

"ஆமா. அதுக்கு மேல முறுக்க முடியாத அளவுக்கு."

"நாலும் அடியிலதான் இருந்துச்சு. இது இல்ல. ஒரு சுத்து மேல வந்திருக்கு."

"தப்பா எண்ணியிருப்பேனோ?"

"உங்க எண்ணிக்கை நாலுலயும் தப்பல. இதுல வேற ஒரு கை பட்டிருக்கு. நீங்க இறுக்கினத ஒரு சுத்து திருப்பியிருக்கு. அப்புறம் விட்டுருச்சு."

"மெக்கானிக்தான்."

"மெக்கானிக் அன்னைக்கு என்ன செஞ்சான்?"

தேவபிச்சை யோசித்தார்.

"வரவே இல்லையே. அப்பா யாரையும் கூப்பிடவே இல்ல. அன்னைக்கே ஆணி அடிச்சிட்டாரு."

இரண்டு பேரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள்.

"யாரு கையா இருந்தா என்ன வாத்திச்சி? மூணுல ஒண்ணு போனா ரெண்டு. ரெண்டு சுத்து திருப்பினா முடிஞ்சுது."

"முடிஞ்சுது. உங்க பெட்டி. திருப்புங்க."

தேவபிச்சை டிரைவரைத் திருகின் தலையில் வைத்தார்.

எடுத்தார்.

மறுபடி வைத்தார்.

எடுத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"இது நான் விட்ட இடம் இல்லையேம்மா."

"இல்லதான்."

"நான் விட்டதத்தான் நான் திருப்பலாம். இத எந்தக் கணக்குல திருப்ப?"

பேச்சித்தாய் டிரைவரை வாங்கிப் பெட்டியின் மேலே வைத்தாள்.

"அண்ணன ஒரு நடை இங்க கூட்டிட்டு வாங்க. பெட்டியப் பாத்துட்டுப் போகட்டும்."

"அரைகுறையாவா?"

"அரைகுறையாத்தான்."

*

அருமைராஜ் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினார். அசனம் மறுநாள்.

தலைக்குக் கறுப்புச் சாயம். நல்ல சட்டை. மாடிப்படி ஏறுகையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அறைக்குள் வந்தவர் நின்றார்.

"ஏலே பிச்ச, இது நம்ம பெட்டியாலே?"

"ஆமாண்ணே."

"இன்னும் இருக்கா இது? நான் அப்பமே அடுப்புக்குப் போயிருக்கும்னுல்லா நெனச்சேன்."

"இதுக்கு மேலதான் அம்மா துணி போட்டு மூடி அரிசி மூட்டை வச்சிருந்தா. இருபது வருசம்."

"கெட்டிக்காரி. அப்பா செத்த பிறகாவது அதுக்கு ஒரு உபயோகம் கண்டுபிடிச்சா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேச்சித்தாய் வரவேற்று டீ கொடுத்தாள்.

"இவங்கதான் வாத்திச்சி" என்றார் தேவபிச்சை.

"என் தம்பிக்கு நீங்களா வாத்திச்சி? இவனுக்கு எட்டாங்கிளாஸ்லயே மூணு வாத்தியாரு ஓடிட்டாங்கம்மா."

"எண்ணுதது நல்லா எண்ணுதாங்க" என்றாள் பேச்சித்தாய்.

"அது எண்ணுவான். நெல்லிக்காய் தின்னாலும் கொட்டைய எண்ணுவான்."

அவள் பெட்டியைப் போட்டாள். மங்கலான கட்டம் எழுந்தது. கோடு ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது.

"இன்னும் சரியாகலையோ?"

"நாலு காயில் சரியாயிருச்சு. ஒண்ணு பாக்கி நிக்கி" என்றாள்.

அருமைராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து பெட்டியின் பின்பக்கம் போனார். தேவபிச்சையும் போனார்.

பின்னால் இருவரும் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். பேச்சித்தாய் முன்பக்கம் திரைக்கு எதிரே ஸ்டூலில் இருந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலை மட்டும் தெரிந்தது. ஒன்று நரைத்தது. ஒன்று சாயம் பூசினது.

"அண்ணே."

"சொல்லுலே."

"இத முறுக்கினது நான்தாண்ணே. அன்னைக்கு. நீ இல்ல, நான். நீ அடிவாங்கினப்போ நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். வாயத் திறக்கல."

பெட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஏதாவது சொல்லேன்."

"எந்தக் காயில் நிக்கி?" என்றார் அருமைராஜ்.

"என்னது?"

"வாத்திச்சியம்மா சொன்னாங்கல்லா, ஒண்ணு நிக்கின்னு. எது? கடைசியா?"

"ஆமா. அஞ்சாவது."

"ஒரு சுத்து மேல இருக்கா?"

தேவபிச்சை அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் திருப்பினேன்."

"எப்போ?"

"நீ முறுக்கிட்டு வெளிய ஓடின பிறகு. நீ ஒண்ணு ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணினது அடுப்பங்கரை வரைக்கும் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். அடப்பாவி, எல்லாத்தையும் இறுக்கிட்டானேன்னு நீ போனதும் வந்து உக்காந்தேன். எத்தன சுத்துன்னு எல்லாம் எனக்கும் தெரியும். இதுலருந்து ஆரம்பிச்சேன். ஒரு சுத்து திருப்பினேன்."

"அப்புறம்? அப்பா வந்துட்டாரா?"

"வரல."

"வேற யாரும்?"

"யாரும் வரலலே. வீட்டுல ஈ காக்கா இல்ல. அஞ்சையும் திருப்பி வச்சு மூடியும் மாட்டுத அளவுக்கு நேரம் கிடந்துச்சு."

"பிறகு ஏண்ணே விட்ட?"

அருமைராஜ் சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையை எடுத்தார். துடைக்காமலே மறுபடி உள்ளே வைத்தார்.

"அடுத்த திங்கக்கிழமை என்னைய உப்பளத்துல சேக்கதா அப்பா சொல்லியிருந்தாரு. எனக்கு உப்பளம்னாலே ஆகாது. இந்தத் திருகப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது தோணுச்சு. இது இப்படியே கெட்டுக் கிடந்தா அப்பா என்னையத்தான் பிடிப்பாரு. அடிப்பாரு. அடிச்சா, நான் போயிரலாம். ஒரு பய ஏண்டா போனேன்னு கேக்க மாட்டான்."

தேவபிச்சை அந்த ஐந்தாவது திருகைப் பார்த்தார்.

"தானாப் போகத் தைரியம் இல்லலே. ஒரு அடி தேவையாயிருந்துச்சு."

"பதினாலு அடிண்ணே."

"எண்ணியிருக்க?"

"எண்ணினேன்."

"அடி ஒரு நாள்ல ஆறிருச்சு. நீ கதவிடுக்குல நின்னது தெரிஞ்சுச்சு. ஒரு கண்ணு மட்டும். ரயில்ல அதுதான் கூடவே வந்துச்சு. சின்னப் பயல் தலையில போட்டுட்டுப் போறோமேன்னு. கடுதாசி எழுதலாம்னு எத்தனையோ தரம் உக்காந்திருக்கேன். சுகமான்னு எழுதுவேன். மழை பெஞ்சுதான்னு எழுதுவேன்."

"நானும் மழை பெஞ்சுச்சுன்னுதாண்ணே எழுதினேன்."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது யார் என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

"டிரைவர எடு" என்றார் அருமைராஜ்.

சாயத் தலை குனிந்தது.

"எத்தனலே?"

"ரெண்டு சுத்து."

"ஒண்ணு நான் வைக்கேன். ஒண்ணு நீ வை."

திரையில் கோடு அசைந்தது. இரண்டாகத் தெரிந்தது நெருங்கி வந்தது. கொஞ்சம் நின்றது.

டிரைவர் கை மாறுகிற சத்தம் கேட்டது.

கோடு மறுபடி அசைந்தது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. மங்கல் விலகியது. குறுக்கேயும் நெடுக்கேயும், ஊசியால் இழுத்த மாதிரி, கட்டம் கட்டமாகப் பளிச்சென்று நின்றது.

"வாத்திச்சி" என்று பின்னாலிருந்து தேவபிச்சை கேட்டார். "வந்துருச்சா?"

பேச்சித்தாய் திரையைப் பார்த்தாள்.

"இன்னும் வரல" என்றாள். "சூடாகணும். கைய எடுத்துட்டு, ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருங்க."